ரசமட்டம்

சவரி பையை நீட்டினான். உள்ளே சூடாக ரசம்.

சாரத்தின் மேல் நின்றிருந்த மேஸ்திரி பையைப் பார்த்தார். பிறகு சவரியைப் பார்த்தார். பிறகு, பாதி எழும்பி நிற்கும் சுவரைப் பார்த்தார்.

கேட்டது ரசமட்டம். சுவர் நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இறங்குகிறதா என்று காட்டுகிற கோல். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. இருந்த ஒன்றும் காலையில் மொட்டைமாடியிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது. தெருமுனைக்குப் போய் ரசமட்டம் வாங்கினு வா என்று மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். கீழே கம்பி அறுக்கும் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. சவரியின் காதில் விழுந்தது, ரசம் மட்டும்.

அந்தத் தேனாம்பேட்டைத் தெருமுனையில் ஹார்டுவேர் கடையும் இருந்தது, மெஸ்ஸும் இருந்தது. அவன் கால் யோசிக்காமல் மெஸ் பக்கம் போயிற்று.

கூட வேலை பார்க்கும் அஜித்குமார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செங்கல் நழுவியது.

"இன்னா நைனா, அப்பளம் தர்லயா?"

அதோடு சவரி என்ற பெயர் போயிற்று. ரசம், மணல் சலி. ரசம், ரெண்டு பாண்டு கலவை. கீழ் வீட்டுக்காரர்கூட மாடிக்கு வந்து, ரசம் யார் என்று பார்த்துவிட்டுப் போனார்.

போன மாதம் வரை அவன் கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். நாற்பதைத் தாண்டிய ஆள். போட்டை ஓனர் விற்றுவிட்டார். வாங்கியவர் தன் மச்சான்களையே ஏற்றிக்கொண்டார். கரையில் உட்கார்ந்து பகலெல்லாம் சீட்டாடும் கூட்டத்தில் தானும் ஒரு கையாகிவிடுவோமோ என்று சவரிக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அதனால்தான் இந்த வயதில் சித்தாள் வேலைக்கு முதல் நாள்.

சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் சரிப்படவில்லை என்றால் யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். சாயங்காலம் கை கழுவிவிட்டு மேஸ்திரி "நாளைக்கு வா" என்றால் வேலை உண்டு. ஒன்றும் சொல்லாமல் போனால் இல்லை.

மேஸ்திரி பாவம் பார்க்கிற ஆள் இல்லை என்று அவன் வீட்டுக்காரி முந்தின நாளே எச்சரித்திருந்தாள்.

காலையிலேயே கலவையில் தண்ணீரைக் கொட்டிக் குழம்பாக்கியிருந்தான். தண்ணீரில் அளவு என்று ஒன்று இருப்பது கடலுக்குப் போனவனுக்கு எப்படித் தெரியும்? பாண்டுச் சட்டியைத் தலையில் வைக்கத் தெரியாமல் மீன் கூடை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து பாதி கலவையைப் படியில் கொட்டினான். இப்போது இது.

சாப்பாட்டு நேரத்தில் ரசத்தை வீணாக்க யாருக்கும் மனசில்லை. எல்லோருடைய டிபன் பாக்ஸிலும் ஊற்றினார்கள். ஒரு கொத்தமல்லி இலைகூடக் கண்ணில் படவில்லை, இதெல்லாம் ஒரு மெஸ்ஸா என்று அஜித்குமார் அலுத்துக்கொண்டான்.

மேஸ்திரி மட்டும் குறை சொல்லவில்லை. தலையில் இறுக்கிக் கட்டிய துண்டோடு, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கையைக் குழித்து இரண்டாவது தடவையும் ரசம் வாங்கிக் குடித்தார்.

மொத்த சைட்டும் சிரித்தது, மேஸ்திரி சிரிக்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி கரணையைக் கழுவினார். கையைக் கழுவினார். அஜித்குமாரிடம் சிமெண்ட் மூட்டைகளை மூடிவைக்கச் சொன்னார். சவரி எதிரிலேயே நின்றான். அவனைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டார்.

விடு நைனா, வேற சைட் இல்லியா என்று அஜித்குமார் அவன் முதுகில் தட்டினான். அந்த ஆறுதல்தான் இன்னும் வலித்தது.

பஸ்ஸில் கூட்டம். சவரி பின்வாசலில் தொத்திக்கொண்டான். முன்வாசலில் மேஸ்திரி ஏறுவது தெரிந்தது. பெண்கள் இருக்கை ஒன்று காலியாயிற்று. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து, கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு, அதில் உட்கார்ந்தார். போனை எடுத்து யாருக்கோ போட்டார்.

சவரியின் பாக்கெட்டில் போன் அடித்தது.

தினமும் இதே நேரத்துக்கு வருகிற போன்தான். வேலை முடிந்து பஸ் ஏறியதும் ரோஸி கூப்பிடுவாள். சோறும் மீன் குழம்பும் அவளே செய்துவிடுவாள், நாளெல்லாம் சுவர் கட்டிய அலுப்பில் ரசம் வைக்க மட்டும் ஆகாது. கல்யாணமான புதிதிலிருந்து அந்தக் குரல் அவனிடம் வாங்கி வரச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் கொத்தமல்லி ஆகாது என்று ஒரு இலை விழாமல் வடித்து வாங்கியே அவனுக்குப் பழக்கம்.

சைட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி கிடையாது என்பது அவள் போட்ட கண்டிஷன். பஸ் சைட் இல்லையே. சவரி போனைக் காதில் வைத்தான்.

வழக்கமான வாக்கியம்தான் வந்தது. ரசம் மட்டும் வாங்கினு வா.

எந்த ரசம் என்று பயந்துகொண்டே கேட்டான்.

"குடிக்கிறது இப்போ. குமிழி ஓட்றது, நாளைக்கு வேலைக்கு வர்றப்போ."

அத்தனை தலைகளுக்கு நடுவே அவள் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

சவரி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சரி மேஸ்திரி" என்றான்.