கூஜாவின் அடியில்

"கூஜாவைக் கீழ வைக்கவே மாட்டேங்கறாரு! பொண்ணு பாக்க வந்தாரா, பாத்திரம் பாக்க வந்தாரா?"

அடுப்படியில் மனைவி கிசுகிசுத்தாள். செல்லக்கண்ணு கூடத்தை எட்டிப் பார்த்தார்.

ஜீயபுரத்தில் வாழை போடுகிறவர் அவர். வீட்டில் எவர்சில்வருக்குக் குறைவில்லை. வெள்ளி என்றால் குங்குமச்சிமிழ் ஒன்றுதான். தரகர்தான் கிளப்பிவிட்டார்.

"கே.கே. நகர் ரத்தினவேல் சாருக்குப் பழைய வெள்ளின்னா உசுரு. அலமாரி அலமாரியா சேர்த்து வெச்சிருக்காரு. அவர் சம்சாரம் பொன்னுத்தாய் அம்மா, பரம்பரையான குடும்பமான்னுதான் பாப்பாங்க. ஒரு பழைய பாத்திரத்தைக் கண்ணுல காட்டுங்க, ரெண்டு பேரும் விழுந்துடுவாங்க."

பக்கத்து வீட்டு டெல்பின் டீச்சரிடம் பழைய வெள்ளிக் கூஜா ஒன்று இருந்தது. கேட்டதும் கொடுத்தார். விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து, அதில் காப்பி ஊற்றிக் கூடத்தில் வைத்தார்கள்.

வந்தது வினை.

ரத்தினவேல் பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூஜாவைக் காலி பண்ணுவதற்காகவே காப்பியை வாங்கி வாங்கிக் குடித்தார். பிறகு நகத்தால் சுண்டி, காதில் வைத்துக் கேட்டார்.

"அச்சுல போட்டது இல்ல. முழுக்கக் கையால தட்டி எடுத்தது. யாருங்க இதை இப்படித் தேய்ச்சது?"

"நாங்கதாங்க..."

"அடப்பாவமே! அந்தக் கறுப்புதாங்க இதுக்கு அழகு!"

சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வந்தது. கூஜாவைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேரு ஏதாச்சும் வெட்டியிருக்கா?" என்றார் பொன்னுத்தாய்.

செல்லக்கண்ணுவுக்கு மூச்சே நின்றது. அடியைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லையே!

"'முருகன் துணை'ன்னு போட்டிருக்கு" என்றார் ரத்தினவேல்.

போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாங்க! எங்க குலதெய்வம்! தாத்தா காலத்துக் கூஜா!" அடித்துவிட்டார் செல்லக்கண்ணு.

ரத்தினவேல் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்படீங்களா" என்றார்.

"குடுங்க, நானும் பாக்கறேன்" என்று கை நீட்டினார் பொன்னுத்தாய்.

"உன் கை எண்ணெயா இருக்கு. பஜ்ஜியைச் சாப்பிடு."

அதோடு கூஜாவை மடியில் இடுக்கிக்கொண்டவர்தான். அந்தம்மா முகம் சுருங்கியது. என்ன ஆசை இந்த மனுஷனுக்கு என்று செல்லக்கண்ணு பல்லைக் கடித்தார். இதையும் சீர் வரிசையில் சேர்த்துக் கேட்டால் டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பது?

நல்லவேளை, மகள் பானுப்ரியாவும் மாப்பிள்ளைப் பையனும் ஜன்னலோரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் அம்மாவுக்கும் திருப்தி.

"சாமி பேரு போட்டுப் பாத்திரம் செஞ்ச குடும்பம். வேற என்ன வேணும்? தேதி பாத்துடலாங்க."

எல்லோரும் காரில் ஏறினார்கள். ரத்தினவேல் கூஜாவோடு கார்வரைக்கும் போய்விட்டார்! செல்லக்கண்ணு செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினார்.

கார்க் கதவைச் சாத்திவிட்டு ரத்தினவேல் திரும்பினார். கூஜாவை அவர் கையில் கொடுத்து, தணிந்த குரலில் சொன்னார்.

"பத்திரமாக் கொண்டு போய்ச் சேர்த்துடுங்க, சம்பந்தி."

செல்லக்கண்ணு நேராக டீச்சர் வீட்டுக்குத்தான் போனார்.

"கல்யாணம் முடிவாயிடுச்சு டீச்சர்! ஆனா அந்த ஆளு இருக்காரே, சரியான பேராசை. கூஜாவை யார்கிட்டயும் குடுக்கலை!"

"அடியில எழுதியிருக்கிறதப் படிச்சாங்களா?" என்றார் டீச்சர் கவலையாக.

"படிச்சாரே. முருகன் துணை."

டீச்சர் கூஜாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

கொட்டை எழுத்தில், தேயாமல், தெளிவாக வெட்டியிருந்தது: 'சூசையப்பர் துணை.'