மூன்று கோட்டிங் பச்சை

"தின்னரா? அடியே, கீழே வை அதை! தின்னரை ஊத்தினா பெயிண்ட்டோட பிளேனும் சேர்ந்து கரைஞ்சு கூழாயிடும்!"

பச்சை பூசிய பொம்மை விமானத்தைக் கையில் வைத்தபடி தையல்காரி திரும்பிப் பார்த்தாள். நாலு மாதமாக ஜன்னலோர நாற்காலியே கதியென்று கிடந்த அவள் கணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்? பெயிண்ட்டை எடுக்கணும்னா தின்னர்தானே?"

"இரும்புக்குச் சரி. இது பிளாஸ்டிக். யார் குடுத்தா இதை உன்கிட்ட?"

"கடைக்கு வர்ற கஸ்டமர். பெயிண்ட்டை எடுத்துத் தரணுமாம். எங்க வீட்டுக்காரருக்குக் கை முடியலை, நானே பாத்துக்கறேன்னு வாங்கிட்டு வந்தேன்."

'கை முடியலை' என்றது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இடது கையை நீட்டினார். "குடு இப்படி."

வரைபட அலுவலகத்தில் படம் வரைபவர் அவர். வீட்டு அலமாரியில் அவர் ஒட்டி, வண்ணம் தீட்டிய நாற்பது குட்டி விமானங்கள் நின்றன. பக்கவாதம் வந்து போனதில் வலது கை பேனா பிடிக்க மறுத்துவிட்டது. விரல்களுக்குத் தினமும் வேலை கொடுத்தால் கை திரும்பும், இல்லாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்து பீரோவுக்கு அடியில் கிடந்தது. "நான் என்ன கைக்குழந்தையா?" என்று அவர் வீசியதுதான்.

"மெக்கானிக் கடையில பிரேக் ஆயில் வாங்கிட்டு வா. அது பெயிண்ட்டோட பிடியை மட்டும் தளர்த்தும், பிளாஸ்டிக்கைத் தொடாது. மூடி போட்ட டப்பா, பழைய டூத் பிரஷ், அப்புறம் கிளவுஸ். வெறுங்கையில தொடக்கூடாது."

ஒரு நாள் முழுக்க ஊறிய பிறகு டப்பாவைத் திறந்தார். இறக்கையின் மேல் பச்சைப் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி நின்றது. பிரஷ்ஷால் தேய்த்தார். உரிந்தது. அதற்குக் கீழேயும் பச்சை!

"எந்த முட்டாள்டி இதை அடிச்சது? இது பிளேன் பெயிண்ட்டே இல்லை, வாசல் கேட்டுக்கு அடிக்கிறது! அதுவும் மூணு கோட்டிங். முன்னாடி கண்ணாடியைக்கூட விட்டுவைக்கலை. பைலட் எதைப் பாத்து ஓட்டுவான்?"

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த முட்டாள் அவள்தான். பழைய சாமான் கடையில் விமானத்தை வாங்கி, கேட்டுக்கு அடித்து மீந்த பச்சையைத் தையல் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அப்பியிருந்தாள். பெயிண்ட் அடிக்கத்தான் நடுங்காத கை வேண்டும். எடுப்பதற்குப் பொறுமை இருந்தால் போதும்.

"பாவம், தெரியாம அடிச்சிருப்பாங்க."

"தெரியாம ஒரு கோட்டிங் அடிக்கலாம். மூணு அடிக்கத் தனி தைரியம் வேணும்."

இடது கை பிரஷ்ஷைப் பிடித்தால் விமானம் வழுக்கி ஓடியது. வேறு வழியில்லாமல் வலது கை வந்து அதை அமுக்கிப் பிடித்தது. நாலாம் நாள் கைகள் வேலையை மாற்றிக்கொண்டன. பிரஷ் கீழே விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"எடுத்துத் தரட்டுமா?"

"உன் வேலையைப் பாரு."

வலது கை விரல்களை ஒவ்வொன்றாக கிளவுஸுக்குள் நுழைக்கவே முதலில் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் பத்து நிமிடம். அப்புறம் அவள் பார்ப்பதற்குள் மாட்டியிருந்தார்.

"உன் நகத்துல என்ன பச்சை?" என்றார் ஒரு நாள், தலையைத் தூக்காமலே.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புது ரவிக்கைத் துணிங்க. சாயம் போகுது."

"ம்" என்று மறுபடி தேய்த்தார்.

மூன்றாவது வாரம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, கோடுகளுக்குள் ஒளிந்திருந்த பச்சையைப் பல் குத்தும் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வயித்துப் பக்கம் பாத்தியா? சுத்தம். என் பிளேனா இருந்தா அங்கே ஊசியால நம்பர் கீறியிருப்பேன். மேல எத்தனை கோட்டிங் அடிச்சாலும் சரி, உரிச்சாலும் சரி, கீறல் போகாது."

மறுநாள் காலை விமானம் தொழிற்சாலையில் பிறந்த சாம்பல் நிறத்தில் மேஜைமேல் நின்றது. "கஸ்டமர்கிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவள் மேஜைப் பக்கம் வந்தாள். வேலை முடிந்துவிட்டது. மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால்? கடையின் பின்பக்கம் இன்னொரு விமானம் மூன்றாவது கோட்டிங்கில் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இன்னொரு கஸ்டமர் என்றால் நம்புவாரா?

விமானத்தைத் துணியில் சுற்றப் புரட்டினாள். வயிற்றுப் பக்கம் விரலில் ஏதோ நெருடியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஊசியால் கீறிய எழுத்துகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணல்மாணலாகத் தொடங்கி, போகப் போக நிமிர்ந்து, கடைசி எழுத்தின் மேல்வளைவு மட்டும் அச்சு அசலாக அவருடைய பழைய வலது கை எழுத்து:

'அடுத்ததுக்கு ரெண்டு கோட்டிங் போதும்டி.'