கயிறு பிடிப்பவன் கேள்வி கேட்டால்

“ஏலே தொம்மை, ஒனக்கு என்ன சாப்பாடுலே ரொம்பப் பிடிக்கும்?”

தொம்மை அப்போதுதான் கடலுக்கடியிலிருந்து மேலே வந்திருந்தான். ஒரு கை படகின் விளிம்பில், மறு கையில் இரண்டு சங்கு, நெஞ்சில் பாதி மூச்சு. இப்படி இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

கேட்டவன் இஞ்ஞாசி, சிறுவயதிலிருந்தே கூட்டாளி. தொம்மை சங்கு குளிக்க முங்கினால், அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை இஞ்ஞாசி கையில் இருக்கும். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்ததும் மேலே தூக்க வேண்டும். ஒரு கொட்டாவி விட்டுவிட்டு நிதானமாகத் தூக்கலாம் என்று நினைத்தால் கீழே இருப்பவன் நேரே மோட்சம்தான்.

அதனால்தான் அந்தக் கரையில் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுப்பதற்கு எந்த அண்ணன் சம்மதிப்பான்? தொம்மைக்கோ கல்யாணமும் ஆகவில்லை, அக்கா தங்கச்சியும் இல்லை. ஆகவே மச்சானுக்குப் பதில் கூட்டாளி பிடித்தான். இதுவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

இந்த வாரம்தான் இஞ்ஞாசிக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. முங்கி வந்தால் ஒரு கேள்வி.

“கஞ்சி” என்றான் தொம்மை.

“கஞ்சியா?”

“உப்புப் போடாத கஞ்சி.”

அப்பட்டமான பொய். அவனுக்குப் பிடித்தது இஞ்ஞாசி வீட்டுச் சாளைமீன் குழம்பு. சரியாகச் சொன்னால் குழம்புகூட இல்லை, அதை வைக்கிற இஞ்ஞாசியின் தங்கச்சி ரோஸ். அதை அண்ணன்காரனிடம் சொல்ல முடியுமா? கரையில் என்றால் உதை விழுவதற்குள் ஓடிப் பிழைக்கலாம். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில், அவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு எங்கே ஓடுவது?

பயலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதுதான் தோண்டித் துருவுகிறான் என்று தொம்மை முடிவுகட்டினான்.

முங்கினான். வந்தான். மூச்சை இழுப்பதற்குள் அடுத்தது.

“கண்ணை மூடுனா யாருலே ஞாபகத்துல வாரா?”

“ஒருத்தியும் வரலைலே. சூசையப்பர் வாராரு.”

“என்ன இஞ்ஞாசி, ஜப்பான்காரனுக்கா வேவு பாக்கே?” என்று படகில் ஒருவன் கேட்டான். யுத்த காலம், யாரைப் பார்த்தாலும் உளவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. “ஒனக்குன்னு ஒரு ஆசை, ஒரு கனவு, ஒண்ணுமே கெடையாதாலே?”

இருந்தது. திரேஸ்புரத்தில் ஓர் ஓலை வீடு. நேரங்கழித்துப் போனால் வாசலில் நின்று ரோஸ் திட்ட வேண்டும். அவள் வாயால் திட்டு வாங்கக்கூட அவனுக்கு அவ்வளவு ஆசை.

“சாமியாராப் போகணும்லே. சம்சாரமே வேண்டாம்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன்” என்றான்.

கையெழுத்துப் போடத் தெரியாதவன் லத்தீனில் பூசை வைக்கப் போகிறானாம்! படகே சிரித்தது. இஞ்ஞாசியின் முகம் மட்டும் தொங்கிப் போயிற்று. கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டான்.

“அப்பம் சரி. நாளையில இருந்து நீ வேற ஆளைப் பாத்துக்கோ.”

“ஏம்லே?”

“இனிமே மச்சான்மாருதான் கயிறு பிடிக்கணும்னு நம்ம படகுச் சம்மாட்டி சொல்லிட்டாரு. கூட்டாளி எல்லாம் ஆகாதாம். ஒன் கயித்தை இன்னொருத்தன் கையில குடுக்க எனக்கு மனசு வரலைலே. ரோஸை ஒனக்குக் குடுத்துட்டா நானே பிடிக்கலாமேன்னுதான் வாரம் பூரா கேட்டுப் பாத்தேன். நீதான் சாமியாராப் போறியே! வேம்பாத்துல ஒரு மாப்பிள்ளை கேக்கான். அவனும் சங்கு குளிக்கிறவன்தான். இனி அவன் கயித்தைப் பிடிக்க வேண்டியதுதான்.”

தொம்மைக்குத் தண்ணீருக்கு மேலேயே மூச்சு முட்டியது. இப்படிப்பட்டவனையா கொலைகாரனாக நினைத்தோம் என்ற வெட்கம் ஒரு பக்கம். வேம்பாற்றுக்காரன் உட்கார்ந்து சாளைக் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிடுகிற காட்சி மறு பக்கம். இரண்டாவதுதான் அதிகமாக வலித்தது.

“சாமியாருமில்லை, ஒண்ணுமில்லை!” என்று கத்தினான். “கஞ்சி பொய்யி! சூசையப்பரு பொய்யி! கண்ணை மூடுனாலும் தொறந்தாலும் ரோஸ்தான் வாரா! கயித்தைக் கையில எடுங்க மச்சான்!”

ஒரு நிமிஷம் முன்புவரை ‘ஏலே’. இப்போது ‘எடுங்க மச்சான்’. படகில் எழுந்த சிரிப்பில், பின்பக்கம் அணைந்த சுருட்டும் கையுமாகத் தூங்கிக்கொண்டிருந்த சம்மாட்டி, படகுக்குச் சொந்தக்காரர், திடுக்கிட்டு விழித்தார். நடந்ததைச் சொன்னார்கள்.

“ஏலே இஞ்ஞாசி, மச்சான்தான் கயிறு பிடிக்கணும்னு நான் எப்பம்லே சொன்னேன்?”

இஞ்ஞாசி குனிந்து கயிற்றை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டான்.

“நீங்க சொல்லலை சம்மாட்டி. வேம்பாத்து மாப்பிள்ளையும் கெடையாது. ‘மூச்சு வாங்கும்போது கேளுண்ணே, உண்மையைச் சொல்லுவாரு. அப்பவும் சொல்லலைன்னா இப்படி ஒரு பொய்யை எடுத்து விடு’ன்னு ரோஸ்தான் சொல்லி அனுப்புனா.”