ஃபாதர் உட்கார்ந்த நாற்காலி

ஃபாதர் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெபிக்கிறார் என்று அம்மா நினைத்தாள். தூங்குகிறார் என்று யோலாவுக்குத் தெரிந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வீடு வீடாக மந்திரிக்கக் கிளம்பியவர். லிஃப்ட் இல்லாத கட்டடம், இது நான்காவது மாடி. யோலா கதவைத் திறந்தபோதே, "ரெண்டாம் மாடியில ஒரு வீடு பூட்டிக் கிடக்கு. ஆண்டவர் கருணை" என்று அவள் காதோடு சொல்லி மூச்சு வாங்கினார்.

யோலாவும் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு வந்தவள்தான். நர்ஸ் வேலை. கால் வீங்கியிருந்தது. மேஜையில் வெள்ளை விரிப்பு, சிலுவை, மெழுகுவர்த்தி, தீர்த்தக் கிண்ணம் எல்லாம் அவளே எடுத்து வைத்தாள். அம்மாவுக்கு முட்டி வலி. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போய்வந்த பிறகு அவள் கீழே இறங்கவேயில்லை. கசகசா கேக்கை மட்டும் உட்கார்ந்தபடியே செய்து முடித்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் ராடெக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கல்யாணம் செய்துகொண்டு க்டீனியாவுக்கு, கடலோரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்கிறான். அந்த வீட்டை அவள் பார்த்ததுகூட இல்லை. பதில் தயாராக இருந்தது. முடியாது. அம்மாவை இத்தனை உயரத்தில் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது?

இதைப் பற்றி அம்மாவிடம் அவள் மூச்சுகூட விடவில்லை.

ஃபாதர் திடுக்கிட்டு விழித்தார். நாலு மூலையிலும் தீர்த்தம் தெளித்தார். கதவில், கிறிஸ்து பிறந்தபோது பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் முதலெழுத்தைச் சாக்பீஸால் எழுதிவிட்டு, பக்கத்து வீட்டு மணியை அடித்தார்.

இனி நாற்காலிதான் பாக்கி.

ஃபாதர் எழுந்த நாற்காலியில் முதலில் உட்காரும் பெண்ணுக்கு அந்த வருஷமே கல்யாணம். "சூடு ஆறுறதுக்குள்ள உட்காருடி!" என்று வருஷா வருஷம் அம்மா விரட்டுவாள். நாற்பது தாண்டிய பிறகும் யோலா உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள். இன்றைக்கும் உட்காரச் சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா கூத்து இது?"

"ஏன், விதவைக்குப் பலிக்காதா?" அம்மா பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். "ரெண்டாம் மாடி ஸெனோன் கேட்டுக்கிட்டே இருக்காரு. நேத்து நீ டூட்டிக்குப் போனதும் வந்து டீ குடிச்சிட்டுப் போனாரு. நீ இப்படிக் காவல் காத்துக்கிட்டே இருந்தா அந்த மனுஷன் எப்படிம்மா வருவாரு? உனக்குப் போக ஒரு இடம் இருந்தா போய்த் தொலையேண்டி. இந்தா, இந்தக் கேக்கை அவர்கிட்ட குடுத்துட்டு வா."

யோலா தட்டை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

இரண்டாம் மாடிக் கதவில் போன வருஷத்து எழுத்து பாதி அழிந்திருந்தது. ஸெனோனை அவர் மகன் வேறு ஊருக்குக் கூட்டிப்போய் மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. கட்டிலும் பீரோவும் படியிறங்கியதை அவள் பார்த்தாள். இருந்த அலுப்பில் அம்மாவிடம் சொல்லத்தான் விட்டுப்போயிற்று.

ராடெக்கோடு போனில் பேசுவது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்குக் கேட்கும் என்பதும் இப்போதுதான் உறைத்தது.

படியில் உட்கார்ந்தாள். தட்டு காலியாகத்தான் மேலே போக வேண்டும். அழுதுகொண்டே கேக் முழுவதையும் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு போனை எடுத்தாள்.

"ராடெக், பதிலை அப்புறம் சொல்றேன். உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி?"