பத்ரிநாராயணனின் நாடி

டாக்டர் சங்கரன் கிராஃப் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எழுபத்திரண்டு, எழுபது, எழுபத்தொண்ணு. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு பேஷண்ட் இந்த தி.நகர்லயே எனக்குக் கிடையாதும்மா."

ஜானு மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். கோடு நேராகப் போனதில் அவளுக்கும் கொஞ்சம் பெருமைதான். தினமும் காலை ஆறு மணிக்கு, காபிக்கு முன்னால், சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி நாடியை எண்ணிப் பென்சிலால் வைத்த புள்ளிகள் அவை.

மாத்திரை இரண்டு. நெஞ்சின் படபடப்புக்கு ஒன்று, மனசின் படபடப்புக்கு ஒன்று. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் தரமாட்டார்கள். மாதாமாதம் புதுச் சீட்டு வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் ஜானு பஸ் பிடித்து வருவாள். டோக்கன் வாங்குவாள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் பையோடு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வரும்வரை காத்திருப்பாள். பிறகு நாற்பது விநாடியில் அவள் வேலை முடிந்துவிடும்.

அந்த நாற்பது விநாடியும் டாக்டர் ஃபைலைத்தான் பார்ப்பார். ஃபைலில் 'பத்ரிநாராயணன், வயது 59' என்று இருந்தது.

முன்பெல்லாம் பத்ரிநாராயணனும் கூட வருவார். ஆயிரம் கேள்வி கேட்பார். கொஞ்ச காலமாக அவர் வருவதில்லை. டாக்டர் அதைக் குறையாகச் சொன்னதும் இல்லை. பேஷண்ட் எதிரே உட்காராததால் வைத்தியம் தடங்கலில்லாமல் நடந்தது.

"இவ்வளவு நல்லா இருக்கறப்போ மாத்திரை எதுக்கும்மா? இந்த மாசம் பாதியாக்கிட்டு, அடுத்த மாசம் நிறுத்திடலாம்."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

ஜானுவின் காதுக்குள் திம் திம் என்று கேட்டது. ஏப்ரலில் டாக்டர் கொடைக்கானல் போய்விட்டபோது நாலு நாள் மாத்திரை இல்லாமல் பட்ட பாடு அவளுக்கு நினைவிருந்தது.

இதே நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கும் படபடப்பு இருப்பதாக ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். டாக்டர் அப்போதும் நிமிரவில்லை. லேடீஸுக்கு இந்த வயசில் வருவதுதான், கார்த்தாலே எழுந்து நடங்கள், நாலு ஸ்லோகம் சொல்லுங்கள் என்றார். அதைச் சீட்டில் எழுதக்கூட இல்லை.

அவளும் நடந்தாள். மாட வீதி நாலையும் சுற்றிக்கொண்டே ஸ்லோகம் சொன்னாள். நெஞ்சு முன்னால் ஓடியது. ஸ்லோகம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது.

இப்போது டாக்டரிடம் பொய் சொல்லியாக வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். ஆனால் வாயைத் திறந்தபின் பொய் தேவைப்படவே இல்லை.

"தாள்ல இருக்கறது காலம்பர எண்ணினது டாக்டர். சாயங்காலம் ஆனா அப்படி இல்லை. டெலிஃபோன் மணி அடிச்சா கை நடுங்கறது. சும்மா உட்கார்ந்துண்டிருந்தாலே நெஞ்சு அடிச்சுக்கறது. யாராவது கேட்டைத் திறந்தா, என்ன சொல்ல வந்திருக்காளோன்னு பயமா இருக்கு."

டாக்டரின் பேனா நின்றது. முதல் தடவையாக அவர் நெற்றி சுருங்கியது.

"அப்படியா சொல்றார்? ஒரு ஆம்பளை இவ்வளவு சொல்றார்னா அதைச் சும்மா விடக்கூடாதும்மா."

மாத்திரையைக் குறைக்கவில்லை. சாயங்காலத்துக்கும் ஒன்று சேர்த்தார். சாப்பிட்டபின் போட வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது, வீட்டில் அவரை யாரும் அதிர்ந்து பேசக்கூடாது என்று நிதானமாகச் சொன்னார். மூன்று நிமிஷம் ஆயிற்று. அடுத்த தடவை அவரையே அழைத்து வந்தால் ஈ.ஸி.ஜி. எடுத்துவிடலாம் என்றார்.

ஜானு சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இத்தனை கனிவாக யாரும் அவளிடம் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

வெளியே கம்பிக் கூண்டுக்குப் பின்னால் கம்பவுண்டர் வெள்ளைச்சாமி நோட்டைப் புரட்டினார்.

"செப்டம்பர் பதினாலு, பத்து மணிம்மா. சாரைக் கூட்டியாந்துருங்க."

"பதினாலு வேண்டாம். அன்னிக்கு ஆத்துல திதி. முதல் வருஷம்."

"யாருக்கும்மா?"

ஜானு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போகும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்த கேள்வி. கேட்டால் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது.

"எங்காத்துக்காரருக்கு."

வெள்ளைச்சாமி பதினாலை அடித்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதினார். அடுத்த டோக்கனைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டே சொன்னார்:

"அதுவும் சனிக்கிழமதாம்மா. திதியெல்லாம் முடிச்சிக்கினு, சாரை நிதானமா கூட்டிக்கினு வாங்க."