பாதிச் சொல்

தொண்டைப் புற்றுநோய் ஆபரேஷனில் அமிர்தவல்லியின் குரல் போனபின், பழைய வீடியோக்களிலிருந்து அவள் குரலைக் கற்றுக்கொண்ட செயலி ஒன்றை மகள் செல்பேசியில் போட்டுக் கொடுத்தாள். ஓரிரு எழுத்தைத் தட்டினால் போதும், மீதியை அதுவே ஊகித்துப் பேசிவிடும். முதன்முதலில் அதைக் கேட்டபோது கணவர் தனுஷ்கோடி தேம்பித் தேம்பி அழுதார்.

நோய் திரும்ப வந்தது. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஒரு வாய் சோறு விழுங்கியதில்லை.

"இன்னொரு ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம். உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் செல்பேசியில் 'வேணாம்' என்று எழுதத் தொடங்கினாள். 'வேண' வரை வந்ததுமே, "வேணும் டாக்டர், பண்ணிடுங்க" என்றது செல்பேசி. அவளுடைய பழைய குரலேதான். அதே உற்சாகம்.

"கேட்டீங்கல்ல டாக்டர்? பொழைக்கணும்னு அவளுக்கே ஆசை இருக்கு," என்றார் தனுஷ்கோடி.

டாக்டர் தலையாட்டிவிட்டு நர்ஸிடம் பேசத் திரும்பினார். அமிர்தவல்லி இல்லை இல்லை என்று தலையை அசைத்தாள். அதைத் தனுஷ்கோடி மட்டும் பார்த்தார். மறுபடி தட்ட அவள் விரலை நீட்டினாள்.

"போதும் வல்லி, அலட்டிக்காத," என்று செல்பேசியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.