மூலைப் பெட்டி முட்டை

இரண்டு மணி நேரமாகக் கோழிகள் ஐந்தும் கூண்டுக்குள் போகாமல் மதில்மேலேயே நின்றன. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஏதோ சரியில்ல. ஒண்ணுகூட இறங்க மாட்டேங்குது."

"உன்னைப் பாத்துத்தான் பயப்படுதுங்க போல." கணவர் சிரித்தபடி குனிந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "நான் அடிச்ச கூண்டுல கோழிங்க வந்த வாரமே முட்டை போட ஆரம்பிச்சிடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எவனோ கண்ணு வச்சுட்டான்."

அந்தப் பெருமையைக் கெடுக்க மனம் வராமல்தான் அவள் ஒரு விஷயத்தை அவரிடம் இத்தனை நாள் மறைத்திருந்தாள்.

"அடியே, முட்டை போடுற மூலைப் பெட்டியில எப்பவும் ஒரு வெள்ளை முட்டை கிடக்குமே, அதைக் காணோம்! பக்கத்து வீட்டுக்காரன் வேலைதான். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாங்க, வெளிய வாங்க."

"சண்டைன்னாலே உனக்கு உதறல். இரு, வைக்கோலுக்கு அடியில உருண்டிருக்கான்னு பாக்கறேன்." அவர் தோள்வரை கையை உள்ளே விட்டார்.

"கையை எடுங்க!" அவள் அலறினாள். "அது முட்டையே இல்லீங்க! கோழிங்க அங்க முட்டை போடப் பழகட்டும்னு நான் வச்ச பீங்கான் பொம்மை முட்டை. மனுஷன்னா தொட்டதுமே தெரிஞ்சிருக்கும். பூனைன்னா மோந்து பாத்துட்டு விட்டிருக்கும். அதை அப்படியே முழுங்கறது பாம்பு ஒண்ணுதாங்க!"